குதிரை ட்ரெய்லருக்குப் புதுக் கால்

குதிரைகளை ஏற்றி ட்ரக்கின் பின்னால் இழுத்துப்போகும் பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று, இந்தப் பக்கம் குடிவந்ததிலிருந்து கவனித்து வருகிறேன். ரப்பர் விரிப்பைத் தூக்கித் தரை உளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வருஷத்தைக் குனிந்து படிப்பார்கள். ஜன்னல், காற்றோட்டம், சேணம் மாட்டும் அறை, முன்பக்கம் படுக்கை இருந்தால் அதன் மெத்தை வரைக்கும் ஆராய்வார்கள். ட்ரெய்லரின் முன்முனையான மூக்குக்குக் கீழே நிற்கிற இரும்புக் காலை மட்டும் யாரும் சுற்றிப் பார்த்து நான் கண்டதில்லை. வண்டி நிற்கிறது, அப்புறம் காலில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். ஆனால் ஒரு ட்ரெய்லரை யார் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பலாம், யார் வாசலில் நின்று துணைக்கு ஆள் தேட வேண்டும் என்பதை அந்தக் கால்தான் முடிவு செய்கிறது. கொஞ்ச காலமாக இந்த எண்ணம் என்னை விடவில்லை. எழுதி இறக்கிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு அமெரிக்காவின் டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே, டென்டன் கவுண்டியில், ஆப்ரி ஊரை ஒட்டி இருக்கிறது. ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கிய நம்மவர்கள் கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள்; அங்கே கரிசல் களிமண், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். அங்கிருந்து கொஞ்ச தூரம் மேலே வந்தால் மண் மாறிவிடும். இங்கே மணல் கலந்த மண். ஒரு காலத்தில் நிலக்கடலை விளைந்த பூமி. ஆப்ரியில் இன்றைக்கும் கடலைத் திருவிழா நடக்கிறது. திண்டிவனம் பக்கம் கடலைக்காட்டில் வளர்ந்த எனக்கு, இந்த ஊரை முதலில் நெருக்கமாக்கியது அதுதான். மழைத்தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், குளம்புக்கும் இதமாக இருக்கும் என்பதால் பைலட் பாயிண்ட் வரைக்கும் குதிரைப் பண்ணைகளாகக் கிடக்கின்றன. குதிரைக்கு நல்ல மண்; ட்ரெய்லரின் காலுக்கு அவ்வளவு நல்லதில்லை. ஈரத்தில் புதையும்.

எங்கள் ட்ரெய்லரைப் பக்கத்துப் பண்ணை அம்மாவிடம்தான் வாங்கினோம். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் பேரல் ரேஸிங், அதாவது பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையோட்டும் பந்தயம், ஓடியவர், கணவர் போன பிறகும் தன் குதிரைகளைத் தானே ஏற்றிக்கொண்டு வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய்வந்தவர். ஒரு நாள், ட்ரெய்லரை விற்கப்போகிறேன், வயசாகிவிட்டது என்றார். எழுபது வயதுக்காரர் அப்படிச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? நாங்களும் சரி என்று தலையாட்டினோம். என் மகள் அப்போதுதான் குதிரையேற்றத்தில் தேறி வந்துகொண்டிருந்தாள்; மூன்று குதிரை நிற்கக்கூடிய கூஸ்நெக், இரும்புச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, தரை நன்றாக இருந்தது. வாங்கிவிட்டோம்.

கையால் சுற்றுவது

கூஸ்நெக் என்பது பின்பம்பரில் மாட்டும் ட்ரெய்லர் மாதிரி கிடையாது. அதன் கழுத்து ட்ரக்கின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள் நீண்டு வந்து, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது ஒரு பிடி முன்னால் இருக்கும் 2 5/16 அங்குல இரும்பு உருண்டைமேல் உட்காரும். மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் அந்த மூக்கில்தான் இறங்குகிறது. எங்கள் வண்டி காலியாக 9,000 பவுண்டு. அப்படியென்றால் குதிரை ஏற்றுவதற்கு முன்பே மூக்கில் சுமார் 2,000 பவுண்டு நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருந்தால் கேலனுக்கு 8 பவுண்டுக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். சேணங்களும் தீவன மூட்டைகளும் அங்கேதான் ஏறும். மாட்டும்போது இந்த மூக்கை உருண்டைக்கு மேலே தூக்க வேண்டும், ட்ரக்கைப் பின்னால் எடுத்து நேராக நிறுத்த வேண்டும், மெல்ல இறக்க வேண்டும், பூட்டு விழுந்ததா என்று பார்த்து, சங்கிலியும் மின்கம்பியும் மாட்டி, கடைசியில் காலைத் தரையிலிருந்து முழுதாக மேலே ஏற்ற வேண்டும். போன இடத்தில் கழற்றும்போது இதே வேலை தலைகீழாக.

இதையெல்லாம் செய்வது காலின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி. சுற்றினால் உள்ளே பற்சக்கரம் சுழன்று, தடித்த திருகு ஒன்று உள்குழாயை இறக்கும். கைப்பிடித் தண்டை உள்ளே தள்ளினாலோ வெளியே இழுத்தாலோ கியர் மாறும்: சும்மா இறக்க வேகமான கியர், எடை தூக்க மெதுவான கியர். எடை ஏறிய பிறகு கையை எடுத்தாலும் திருகு தானாகப் பின்னால் சுழலாது. இந்த அமைப்பின் உயிரே அதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தானாகப் பின்வாங்காத திருகு எதுவானாலும் அதன் உராய்வு பெரியது. நாம் கொடுக்கும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். புதிதாக, கிரீஸ் நிறைந்து, நேராக இருக்கும்போதே இந்தக் கதி. கிரீஸ் காய்ந்து, குழாய் துளி கோணினால் என்ன ஆகும் என்பதை ஒரு மழை இரவில் தெரிந்துகொண்டோம்.

குதிரைக்கு வயிற்றுவலி வந்தால்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலின் முழு நீளத்தையும் கடந்துதான் வெளியேற வேண்டும். அதனால்தான் வயிற்றுவலி என்றால் குதிரை வளர்ப்பவர்களுக்கு வேறு எந்த நோயையும்விட அடிவயிறு கலங்கும். வாயு பிடிப்பாகவும் இருக்கலாம், குடல் முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எங்கள் பெண்குதிரை டஸ்டி அன்று மாலை தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முன்காலால் தரையைச் சுரண்டியது, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "அம்மா, படுக்கப் பாக்குதும்மா" என்று மகள் கொட்டகையிலிருந்து கத்தினாள். மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 60ஐத் தாண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பினார்.

வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். "ஏங்க, டஸ்டிய கூட்டிட்டுப் போறேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு ட்ரெய்லரிடம் போனேன். இரண்டு நாள் மழையில் கால் மண்ணுக்குள் இறங்கி, மூக்கு உருண்டையின் உயரத்துக்கும் கீழே தாழ்ந்திருந்தது. மெதுவான கியரில் சுற்றினால் கைப்பிடி அரைச் சுற்றுக்கு ஒருமுறை இறுகியது. மொத்த உடம்பையும் போட்டு அழுத்தினால் அடுத்த அரைச் சுற்று. அதிலும் மூக்கு ஏறியதாகத் தெரியவில்லை. கால்தான் மேலும் மண்ணுக்குள் போனது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அம்மா மழைக்கோட்டோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மகளிடமிருந்து கயிற்றை வாங்கி, குதிரையைப் படுக்கவிடாமல் நடத்த ஆரம்பித்தார். மகள் டார்ச் பிடித்தாள். அவர் கொட்டகையிலிருந்து ஒரு பாட்டில் ஜாக்கும் ரயில்கட்டைத் துண்டும் எடுத்துவரச் சொன்னார். சட்டத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்து எடையை வாங்கி, காலைப் பிடுங்கி, அடியில் கட்டை வைத்து மறுபடியும் சுற்றி உருண்டைக்கு மேலே கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து, "இதனால்தான் நான் விற்றேன்" என்றார். வயசைப் பற்றி அப்போது பேசவில்லை. ஒரு கோடையில் போட்டி முடிந்து, இருட்டில், கைப்பிடியைச் சுற்ற முடியாமல் தெரியாத ஆளிடம் உதவி கேட்க நேர்ந்ததாம். அதற்கப்புறம் போட்டிக்குப் பேர் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம்.

டஸ்டி பிழைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை; ஆஸ்பத்திரியில் நரம்பில் திரவம் ஏற்றி, விடிவதற்குள் சாணம் போட்டுவிட்டது. முறுக்கு விழுந்த குடலாக இருந்திருந்தால் அந்த அரை மணி நேரம் என்ன விலை பேசியிருக்கும் என்று நினைக்க இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மேசைமேல் கழற்றிப் போட்டபோது

காலை மாற்றிவிடுவது என்று முடிவானதும், ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் வண்டியை விட்டேன். பக்கத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய வண்டியாக இருந்தது, அவருக்கும் பார்க்க ஆசை. பட்டறைக்காரர் பழைய காலைச் சட்டத்திலிருந்து எடுத்து மேசைமேல் கிடத்தினார். மேல்மூடியைத் திறந்தார். கிரீஸ் கறுத்துக் கட்டியாகி, பற்சக்கரங்கள் நடந்த பாதையில் மட்டும் பள்ளம் விழுந்து, மற்ற இடமெல்லாம் ஓரமாக ஒதுங்கி இறுகிக் கிடந்தது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கத்தி முனையாக இருந்தன. அப்புறம் உள்குழாயை உருவ முயன்றார். வரவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார்.

குழாய் முழுக்கத் துரு. ஆனால் பின்புற முகத்தில் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழே வரை பளபளவென்று ஒரு கோடு. அந்த இடம் மட்டும் வெளிக்குழாயோடு உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. பட்டறைக்காரர் ஒரு இரும்பு ஸ்கேலைக் குழாய்மேல் நிறுத்தி ஜன்னல் பக்கம் திருப்பினார். ஸ்கேலுக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவியது. குழாய் வளைந்திருந்தது. எப்போதோ உருண்டை பூட்டில் சிக்கிக்கொண்டபோது, கால் தரையில் ஊன்றியிருக்கையிலேயே ட்ரக்கை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறார்கள் என்றார். இந்தக் கால்களின்மேல் எழுதியிருக்கும் 10,000 பவுண்டு, 12,000 பவுண்டு எல்லாம் நேர் கீழாக இறங்கும் எடைக்கு மட்டும்தான். பக்கவாட்டில் தள்ளினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பக்கத்து அம்மா ஸ்கேலைத் தானே வாங்கி மறுபடியும் வைத்துப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பிரேக்குக்கும் பேரிங்குக்கும் ஒரு சர்வீஸ் கடையில் வண்டியை விடுவாராம். கைப்பிடி சுற்றக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வாராம். மெதுவான கியரில் போட்டுச் சுற்றுங்கள், இல்லையென்றால் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள் என்பார்களாம். யாரும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. இவர் தோள்பட்டைக்குப் பிசியோதெரபி போனார், மாத்திரை சாப்பிட்டார், கடைசியில் தனக்கு வயசாகிவிட்டது என்று முடிவு செய்து, பயிற்சி கொடுத்து வைத்திருந்த ஆண்குதிரையையும் ட்ரெய்லரையும் விற்றுவிட்டார். வளைந்த குழாயின் கணக்கு அத்தனையும் அவர் தோளில் எழுதப்பட்டது. வயதான பெண் ஒரு பாரத்தைத் தூக்க முடியவில்லை என்று சொன்னால், பாரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லையே, நானும்தானே சரி என்று தலையாட்டினேன் என்று காரில் வரும்போது அவரிடம் சொன்னேன். அவர், "எனக்கே தோன்றவில்லையே" என்றார்.

எதைப் போடுவது

பழைய மாதிரியிலேயே நேரான ஒரு புதுக் காலைப் போட்டிருந்தால்கூடப் பாதி கஷ்டம் தீர்ந்திருக்கும். செலவும் குறைவு. ஆனால் மழை இரவில் தெரிந்தது வேறொன்றும் உண்டு: ஒற்றைக் காலின் சின்னப் பாதத்தில் 2,000 பவுண்டும் இறங்கினால் இந்த மண் தாங்காது. அதோடு ஒற்றைக் கால் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் ஒதுங்கித்தான் நிற்கும். பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரை உடம்பைச் சாய்த்தால் மொத்த வண்டியும் ஆடும், அந்த ஆட்டமெல்லாம் காலை வளைக்கத்தான் போகும். எனவே இரண்டு கால் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்தது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா, மின்மோட்டாரா. இங்கே பெரிய ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் ஹைட்ராலிக்கைத்தான் சொல்வார்கள். வேகமும் பலமும் அதில் அதிகம் என்பது உண்மை. எனக்கு இரண்டு தயக்கம். ஒரே பம்பிலிருந்து இரண்டு சிலிண்டருக்கும் எண்ணெய் போனால், எதிர்ப்பு குறைந்த பக்கத்துக்குத்தான் அது முதலில் ஓடும். சரிவான எங்கள் வாசலில் ஒரு கால் தரையில் ஊன்றிய பிறகுதான் மற்றது அசையும். தனித்தனி வால்வு வைத்துச் சரிசெய்யலாம், அதற்குத் தனிச் செலவு. இரண்டாவது, பேட்டரி செத்த இரவில் என்ன செய்வது? சில ஹைட்ராலிக்கில் கைப்பம்பு உண்டு, சிலவற்றில் டிரில் மெஷினை மாட்டிச் சுற்றலாம். ஆனால் மின்மோட்டார் வைத்த திருகுக் காலில், மோட்டார் வேலை செய்யாவிட்டால் அதே தண்டில் கைப்பிடியைச் செருகிச் சுற்றிவிடலாம். திருகு பழைய திருகுதான். மின்சாரம் இல்லாவிட்டாலும் எடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவசரத்துக்கு என்று ஒரு பொருளை வாங்கும்போது, அது கெட்டுப்போனால் கையால் செய்ய வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எனக்குச் சொன்ன விலையில் ஹைட்ராலிக் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இடது காலின் தலையில் மோட்டார், அங்கிருந்து வலது காலுக்குக் குறுக்கே ஒரு ஷாஃப்ட். இரண்டும் ஒரே அளவில் ஏறி இறங்கும். தரை சமமாக இல்லாவிட்டால், கீழே இரும்பு ஊசி செருகி நிறுத்தும் உள்காலைத் தனித்தனியாக இறக்கி முதலில் சமன் செய்துவிட்டு, அப்புறம் சுவிட்சை அழுத்த வேண்டும். எங்கள் சட்டம் இரும்பு என்பதால் தாங்கிகளை வெல்டு பண்ண முடிந்தது. பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிய பிறகுதான் பட்டறைக்காரர் வெல்டிங்கைத் தொட்டார். முழு அலுமினிய ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. பட்டறையில் செய்யும் சாதாரண வெல்டிங்கில் இரும்பை அலுமினியத்தோடு ஒட்ட முடியாது. அலுமினியத்தையே அலுமினியத்தோடு ஒட்டினாலும் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும், இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் நடுவே ரப்பரோ நைலானோ வைக்க வேண்டும். இல்லையென்றால் ஈரத்தில் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

வயரிங்கில்தான் பலரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். ட்ரெய்லரில் ஏற்கெனவே ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, அதிலேயே மோட்டாரை மாட்டிவிடலாமே என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். அது ட்ரெய்லர் ட்ரக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு போனால் பிரேக்கைப் பிடிப்பதற்காக வைத்தது. வணிக வண்டிகளுக்கான அமெரிக்க விதி, அப்படிப் பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிஷமாவது நிற்க வேண்டும் என்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறவர்களும் அந்த பேட்டரியைத் தொடவே கூடாது. எடை தூக்கும்போது மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனியாக, பெருமளவு தீர்ந்து மறுபடியும் ஏற்றத் தாங்கும் ஒரு டீப் சைக்கிள் பேட்டரி, தடித்த கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர். பூமிக்கம்பியைச் சட்டத்தில் ஏதோ ஒரு திருகில் முடியாமல் பேட்டரி வரை தனியாக இழுத்தோம். ட்ரக்கிலிருந்து ஏழு முள் பிளக் வழியாக வரும் மின்சாரம் நீண்ட மெல்லிய கம்பியில் பயணம் செய்வதால் பேட்டரியை மெதுவாகத்தான் ஏற்றும். நாங்கள் அதிக தூரம் போவதில்லை என்பதால் கூரையில் ஒரு சின்ன சோலார் தகடு வைத்தோம். பாதங்களுக்கு அடியில் வைக்க அகலமான இரண்டு பலகைகள் ட்ரெய்லரோடு எப்போதும் இருக்கின்றன. இவ்வளவு செய்த பிறகும் காலுக்குக் கிரீஸ் ஏற்றும் முனையை மறந்தால் பழைய கதைதான் திரும்பும். வசந்தத்தில் ஒருமுறை, பனிக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை என்று மகளிடம் பொறுப்பு விட்டிருக்கிறேன்.

முதல் முறை சுவிட்சை அழுத்தியவர் பக்கத்து அம்மாதான். மூக்கு சீராக மேலே ஏறியது. அவர் பாதியில் நிறுத்தி, கைப்பிடியைக் கேட்டு வாங்கி, தண்டில் செருகிக் கையாலும் கொஞ்சம் சுற்றிப் பார்த்தார். சுற்ற முடிந்தது. அப்புறம் ஒரு குறை சொன்னார்: சுவிட்சைக் காலுக்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள், அதை அழுத்திக்கொண்டே உருண்டையும் பூட்டும் சேர்வதைப் பார்க்க முடியவில்லை. ரிமோட் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பாக்கெட்டில் கிடக்கும்போது அழுந்திவிட்டால் என்ன செய்வாய் என்று உடனே மறுத்துவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். சுவிட்சை மூக்கின் முன்பக்கம், ட்ரக்கின் தொட்டி கண்ணில் படுகிற இடத்துக்கு மாற்றச் சொல்லிப் பட்டறையில் நேரம் வாங்கியிருக்கிறேன். அக்டோபரில் கிளென் ரோஸில் ஒரு போட்டிக்கு அவரும் என் மகளும் பேர் கொடுத்திருக்கிறார்கள், ட்ரக்கை ஓட்டப்போவது அவர்தான். அதற்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும்.